மண்ணடியில் பில் இல்லாமல் பவுண்டு வாங்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் வடசென்னைக் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பாரிமுனை, மண்ணடிச் சந்துகளில் பில் போடாமல் டாலர், பவுண்டு, யூரோ விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வெளியே செல்போன் கடை, டிராவல்ஸ் என்று ஏதாவது போர்டு இருக்கும். பணம் கைமாறுவது உள்ளே. அப்படி ஒருவர் என் தங்கை குடும்பத்தின் தலையில் 400 பவுண்டுக்குச் செல்லாத நோட்டைக் கட்டி அனுப்பிவிட்டார்.

தங்கை மகளுக்குப் பர்மிங்ஹாமில் மேற்படிப்பு. போய் இறங்கியதும் ரூம் அட்வான்ஸ், சாப்பாடு, பஸ் என்று கையில் 600 பவுண்டாவது இருக்கட்டும் என்று நினைத்தார்கள். அன்றைய விலைக்குப் பவுண்டு ஏறக்குறைய 110 ரூபாய், ஆக 66,000 ரூபாய். தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். சீட்டு எடுத்த பணம் ரொக்கமாக வீட்டில் இருந்தது. முதலில் அவர் லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போனார். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டோம், செக்கோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ செய்யுங்கள், பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எல்லாம் வேண்டும் என்றார்கள். ரிசர்வ் வங்கி விதி அது. அன்று சனிக்கிழமை மதியம், மறுநாள் இரவு விமானம். தெரிந்தவர் ஒருவர், "இதுக்கா அலையறீங்க, வாங்க" என்று மண்ணடிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த ஆள் முதலில் சொன்னதே பொய். "பில்லு போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டிண்ணே, பன்னெண்டாயிரம் அப்படியே போயிடும்" என்றிருக்கிறார். இந்தக் கணக்கைக் கேட்டுப் பயந்துதான் பலரும் பில் வேண்டாம் என்கிறார்கள். உண்மைக் கணக்கு வேறு. அந்நியப் பணம் வாங்கும்போது மொத்தத் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒரு லட்சம் ரூபாய் வரை, வாங்கும் தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து (அது குறைந்தது 250 ரூபாய்), அதற்கு மட்டும்தான் 18 சதவீதம். 66,000 ரூபாய்க்கு வாங்கினால் 660 ரூபாய்க்கு வரி. வருவது 119 ரூபாய். பன்னிரண்டாயிரம் எங்கே, 119 எங்கே!

அடுத்து நோட்டு. மாப்பிள்ளை கண் முன்னால்தான் எண்ணும் மெஷினில் போட்டார்கள். இருபது பவுண்டு நோட்டு பத்து, ஐம்பது பவுண்டு நோட்டு எட்டு, மெஷின் 18 என்று காட்டியது. சரியாகத்தானே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். எத்தனை தாள் என்றுதான் அந்த மெஷின் சொல்லும், அந்த நோட்டு இன்று அந்த நாட்டில் ஓடுமா என்று சொல்லாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்த கட்டில் மேலே இருந்த இருபதுகள் பளபளவென்று புதுப் பிளாஸ்டிக் நோட்டு. அடியில் இருந்த சிவப்பு ஐம்பதுகள் எட்டும் பழைய காகித நோட்டு.

இங்கிலாந்தில் காகித நோட்டு இப்போது எதுவுமே செல்லாது. 5 பவுண்டுக் காகிதம் 2017-லும், 10 பவுண்டுக் காகிதம் 2018-லும் போனது. 20, 50 இரண்டும் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாமல் போயின. இப்போது நடப்பில் உள்ளவை எல்லாம் பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர் நோட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடி ஜன்னல் போல ஒரு பகுதி தெரியும். விரலால் தேய்த்தாலே காகிதமா இல்லையா என்று புரிந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் குழம்புகிறார்கள். 2024 ஜூனில் மன்னர் சார்லஸ் படம் போட்ட நோட்டு வந்தது. அதனால் ராணி படம் போட்டதெல்லாம் செல்லாது என்று நினைக்க வேண்டாம். பாலிமராக இருந்தால் ராணி நோட்டும் செல்லும். பார்க்க வேண்டியது படத்தை அல்ல, தாளை.

போன இரண்டாம் நாள் அந்தப் பெண் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பால், முட்டை எடுத்துக்கொண்டு போய் ஐம்பது பவுண்டை நீட்டியிருக்கிறாள். நோட்டைத் தொட்டுப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "மாமா, எட்டும் இப்படித்தான் இருக்கு" என்று என்னிடம் போனில் அழுதாள். கையில் இருந்த 200 பவுண்டு ரூம் அட்வான்ஸுக்கே போதவில்லை. அங்கே சீனியர் பிள்ளைகள் கைமாற்றாகக் கொடுத்துதான் முதல் மாதம் ஓடியது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

மாப்பிள்ளையும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். ஆள் அசரவே இல்லை. "செல்லாதுன்னு யாரு சொன்னா? அங்க பேங்க்ல குடுத்தா மாத்தித் தருவான்" என்றார். பாதி உண்மை, அதுதான் ஆத்திரமாக இருந்தது. இங்கிலாந்தின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து பழைய நோட்டை எத்தனை வருடம் ஆனாலும் மாற்றித் தரும். ஆனால் லண்டன் கவுன்ட்டருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அடையாளச் சான்று, முகவரிச் சான்று வைத்துத் தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கிய பிள்ளையிடம் பேங்க் கணக்கு ஏது, முகவரிச் சான்று ஏது? பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதும், "பில்லு இருக்கா?" என்றார். போலீசுக்குப் போவோம் என்றோம். "போங்கண்ணே, வாங்கினது நீங்களும்தான?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி, அனுமதி இல்லாதவரிடம் அந்நியப் பணம் வாங்குவதும் விதிமீறல். வாங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமுண்டு. ஏமாந்தவர் வாய் திறக்க மாட்டார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் கடை ஓடுகிறது. ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் பக்கத்திலேயே ராஜாஜி சாலையில் இருக்கிறது. வருவது வரட்டும் என்று மாப்பிள்ளையின் சம்மதத்தோடு அங்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

லைசென்ஸ் உள்ள கடை எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பணம் மாற்ற அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. கடைக்குள் அனுமதிச் சான்றைக் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். சட்டென்று காட்டவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒவ்வொரு நோட்டாகக் கையில் வாங்கிப் பாருங்கள், கவரில் போட விடாதீர்கள். பவுண்டு என்றால் 10, 20 நோட்டாகவே கேளுங்கள். நல்ல ஐம்பது பவுண்டையே அங்கே சின்னக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். ரொக்கம் முதல் சில நாள் செலவுக்கு இருந்தால் போதும், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) போட்டுக் கொடுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா பவுண்டிலா என்று மெஷின் கேட்டால் பவுண்டு என்று அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

ஏற்கெனவே இப்படிக் காகித நோட்டு வாங்கிவிட்டவர்கள் அதைக் கிழித்துப் போடவோ, வேறொரு அப்பாவியிடம் தள்ளிவிடவோ வேண்டாம். எங்கள் பெண் அங்கே கணக்குத் திறந்த பிறகு எட்டையும் தபாலில் அனுப்பினாள். சில வாரம் கழித்து ஏழு நோட்டுக்குக் கணக்கில் பணம் வந்தது. எட்டாவது கள்ளநோட்டாம். அதற்குப் பணமும் இல்லை, நோட்டும் திரும்ப வராது. அனுப்புவதற்கான படிவம் பேங்க் ஆஃப் இங்கிலாந்து இணையதளத்தில் இருக்கிறது, கடைசித் தேதி என்று எதுவும் இல்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு நோட்டின் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.