ஊட்டிக் குளிரில் 50 வாட் மீன்தொட்டி ஹீட்டர்: மூன்று நட்சத்திரம்

டிசம்பரில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். திருகில் 28 வைத்தால் 20 லிட்டர் தண்ணீர் 25-இல் நின்றுவிடுகிறது, அதுதான் குறை.

சும்மா மீன் வளர்க்க 25 போதும், எனக்குப் போதாது. நான் பிளஸ் டூ உயிரியல் டீச்சர். வரிக்குதிரை மீனின் கரு வளர்வதை மணிக்கணக்குப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வாங்கினேன். புத்தகக் கணக்கெல்லாம் 28.5 டிகிரிக்கு. அந்தச் சூட்டில் 24 மணி நேரத்தில் இதயம் துடிக்க ஆரம்பிக்கும். எங்களுக்கு 30 ஆனது. "செத்துப்போச்சா மிஸ்?" என்று ஒருத்தி மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

மீன் கொளத்தூர் சரக்கு என்றார் கடைக்கார அண்ணன். அடியில் கோலிக்குண்டு பரப்பச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் பெற்றதுகளே முட்டையைத் தின்றுவிடும். விடியற்காலை விளக்கைப் போட்டதும் முட்டையிட்டன. கடுகைவிடச் சிறிசு, வெந்த ஜவ்வரிசி மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிறது. கிண்ணத்தில் எடுத்து அதே தொட்டியில் மிதக்கவிட்டோம்.

சூட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் வழி தேடுவது இரண்டாம் நாளில். சூடு குறைந்தால் அந்த நேரமும் தள்ளிப்போகும். கண்ணின் வாசலில் நெட்ரின் என்ற புரதம் இழையை 'வா' என்கிறது. (நேத்திரத்திலிருந்து வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன். இல்லை, வழிநடத்துபவரைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லாம்.) ஸ்லிட் என்ற புரதம் 'இங்கே வராதே' என்று தள்ளுகிறது. இழையின் மேலிருந்து ஸ்லிட்டை உணரும் புரதத்தின் (ஏற்பி என்போம்) பெயர் ரோபோ. இயந்திர மனிதன் இல்லை, ரவுண்டானா! அந்த மரபணு கெட்ட பழ ஈக்களில் இழைகள் உடம்பின் நடுக்கோட்டைத் திரும்பத் திரும்பக் கடந்து வட்டமடித்ததால் வைத்த பெயர். சீசனில் ஊட்டி சேரிங் கிராஸ் ரவுண்டானாவைச் சுற்றும் டூரிஸ்ட் வண்டி என்றேன், வகுப்பே சிரித்தது.

இந்த மீனில் இழைகள் எல்லாமே மறுபக்க மூளைக்குத்தான் போக வேண்டும். ரோபோ வகைகளில் ஒன்றான ரோபோ2 கெட்டால் கண்டபடி அலைகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: நல்ல மீனிலும் இழை தப்பாகத் திரும்புவது உண்டு, ஆனால் பின்வாங்கித் திருத்திக்கொள்ளும். ரோபோ2 இல்லாத மீனில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை.

இழையைப் பார்க்கச் சாயம் ஏற்றி ஒளிரவைக்க வேண்டும். பள்ளி நுண்ணோக்கியில் எங்களுக்குத் தெரிந்தது கறுத்துவரும் கண்ணும், இதயமும், ஓடும் ரத்தமும்தான். அதற்கே பையன்கள் வரிசையில் அடித்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை தொட்டியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, மேலே கண்ணாடி மூடினேன். 28-ஐத் தொட்டது. உறைபனி விழுந்த ஒரு ராத்திரி கரண்ட் போய் 21-க்கு இறங்கியது, அதற்கு ஹீட்டர் என்ன செய்யும்? கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு 50 வாட் தாங்கலாம். ஊட்டி என்றால் 100 வாட் வாங்குங்கள், தனியாக ஒரு தெர்மாமீட்டரும். திருகில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.