கத்திரிக்குத் தப்பி டென்ட் போட: ஏற்காடா, ஏலகிரியா, ஜவ்வாதா?

கடலூர் வெயிலின் கொடுமை தெர்மாமீட்டரில் முழுசாகத் தெரியாது. வேலூரில் 41 என்று செய்தி ஓடும்போது இங்கே 37தான் இருக்கும். ஆனால் ராத்திரி 28க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். துடைத்த வியர்வை துடைத்த இடத்திலேயே மறுபடி பூக்கும். மதியம் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேலக்காற்று பலமாக அடித்து அதை மறித்துவிட்டால் நமக்கும் 40தான். அதனால் கத்திரியில் எந்த மலைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் பார்ப்பது ஒன்றுதான்: ராத்திரி போர்வை தேவைப்படுமா?

கொடைக்கானலையும் ஊட்டியையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல், குளிருக்குக் குறைவில்லை. ஆனால் மே மாத நெரிசலும், 2024இல் வந்த இ-பாஸும், இங்கிருந்து போகும் தூரமும் சேர்ந்தால் இரண்டு நாள் விடுப்பில் பாதி வண்டியிலேயே போய்விடும்.

மிச்சம் மூன்று. உயரக் கணக்கு எளிது: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆனால் எங்கிருந்து ஏறுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஏலகிரி 1,100 மீட்டர் என்றதும் ஏழு டிகிரி குறையும் என்று மனசு கணக்குப் போடும். அடிவாரத்துத் திருப்பத்தூர்ப் பக்கமே 380 மீட்டருக்கு மேல் இருந்துகொண்டு 40இல் கொதிக்கிறது. அதிலிருந்து கழித்தால் மலைமேல் மதியம் 35. நம் ஊரைவிடப் பெரிய லாபம் இல்லை, புழுக்கம் இல்லாததுதான் ஆறுதல். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஏலகிரி சரி. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரியும் ஓரியும் வரும்போது பிள்ளைகள் பலகையைக் கத்திப் படிப்பார்கள். டென்ட் வாடகைக்கும் சுலபமாகக் கிடைக்கும். பெரும்பாலும் ரிசார்ட் புல்தரையில், ஸ்பீக்கர் பக்கத்தில்.

ஜவ்வாது வேறு ரகம். திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போனால் கூட்டம் கிடையாது, சாமைச் சோறு கிடைக்கும். இந்த மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இருந்து அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிலா இல்லாத இரவில் அண்ணாந்து பார்த்தால் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிந்துவிடும். ஆனால் காவலூரின் உயரம் 725 மீட்டர்தான். போன மே மாதம் அந்த மலையில்தான் தங்கினோம். மதியம் இரண்டு மணிக்கு டென்ட் ஜிப்பைத் திறந்ததும் இட்லிப் பானை மூடியைத் தூக்கியதுபோல் முகத்தில் அடித்தது. இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் தூக்கம். போர்வை பையிலேயே இருந்தது. ஜவ்வாதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏற்காடு. சேலம் 280 மீட்டரில், ஏற்காடு 1,500 மீட்டரில். ஏறும் உயரமே 1,200 மீட்டர், குறைவது எட்டு டிகிரி. சேலம் 38இல் கிடந்தாலும் மேலே 30. இரவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி: விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் தாண்டி அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து குப்பனூர் வழியாக ஏறினால் சேலம் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். ஏரிப் பக்கம் மட்டும் தங்காதீர்கள், அங்கே மே மாதம் முழுக்கத் திருவிழாதான். தள்ளி, காபி எஸ்டேட்டுக்குள் இடம் தரும் தங்குமிடமாகப் பாருங்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் கிழக்கே நிற்கும்படி டென்ட் போட்டால் காலை எட்டரை வரை உள்ளே படுத்திருக்கலாம். கிழக்கு திறந்திருந்தால் ஆறரைக்கே வெயில் எழுப்பிவிடும்.

குறைகளும் உண்டு. கோடை மழை சாயங்காலம் இடியோடு வரும். மேட்டு முனையிலும் ஒற்றை மரத்தடியிலும் டென்ட் கூடாது. காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்க வேண்டாம். விடியற்காலையில் நம் மூச்சின் ஈரமே டென்ட் மேல்துணியின் உள்பக்கம் கோத்து நெற்றியில் சொட்டும். ஜன்னல் வலையை மூடியிருக்கும் துணியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் குறையும்.

மூன்று மலைக்கும் பொது: காப்புக்காட்டுக்குள் நாமாக டென்ட் அடிக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. பட்டா நிலத்தில் தங்க இடம் தருகிறவர்களிடம் அனுமதி பற்றி முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஓட்டு ஏற்காட்டுக்கு, வார நாளில், கத்திரி முடிவதற்குள். குக்கரை மட்டும் மறக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் வெந்தும் குழையாமல், கடைசியில் ரசத்தோடு பல்லுக்கு வேலை வைத்தது.