ஓர் எழுத்துக்கூட்டல், இரண்டு குடும்பங்கள்: எட்டிமான்லைன் அகராதி பற்றிய மதிப்பீடு

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைக் கூறும் எட்டிமான்லைன் என்னும் இலவச இணைய அகராதி, சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்தும் என் போன்றோருக்கு எவ்வளவு பயன்படும் என்பதை, ‘பாயில்’ (boil) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொல்லிவிடலாம்.

‘பாயில்’ என்றால் கொதித்தல் என்று படித்த பிள்ளைகள், உடம்பில் சீழ் கோத்து எழும் கட்டிக்கும் அதே பெயர் இருப்பதைக் கண்டதும், உடற்சூட்டினால் வருவதால் அப்பெயர் ஏற்பட்டது என்று தாங்களே காரணம் கற்பித்துக்கொள்கின்றனர். வீட்டில் பாட்டி ‘சூட்டுக்கட்டி’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் மிக எளிதாகப் பொருந்திவிடுகிறது. தமிழில் கட்டியும் கொதியும் வேறு வேறு சொற்கள். அக்கம்பக்கத்தில் கேட்கும் மலாயிலும் ‘பீசுல்’ வேறு, ‘மெண்டிடி’ வேறு.

இந்த அகராதி ஆங்கிலத்தின் இரண்டு ‘பாயில்’களையும் தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொதித்தலைக் குறிக்கும் வினைச்சொல், குமிழியைக் குறிக்கும் ‘புல்லா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கட்டியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோ அதற்கும் முன்பே பழைய ஆங்கிலத்தில் வேறு வடிவில் வழங்கிய ஜெர்மானியச் சொல். வீக்கத்தைக் குறிக்கும் ‘பொய்லெ’ என்ற இன்றைய ஜெர்மன் சொல் அதற்கு உறவு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘பைல்’ என்பதுபோல எழுதப்பட்ட அது, வினைச்சொல்லின் சாயல் படிந்து பின்னர் இன்றைய வடிவத்தைப் பெற்றிருக்கலாம் என்கிறது பதிவு. மயிர்க்காலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுவதால் உண்டாகும் கட்டிக்கும் கொதிக்கும் நீருக்கும், மருத்துவத்திலும் உறவில்லை, சொல்வழியிலும் உறவில்லை.

ஆனால் வினைச்சொல்லின் பக்கம் எதிர்பாராத ஓர் உறவு காத்திருக்கிறது. தோல் மருத்துவர்கள் பெரிய நீர்க்கொப்புளத்தை இன்றும் ‘புல்லா’ என்றே அழைக்கின்றனர். சுட்ட கை கொப்பளிப்பதும் வாய் கொப்பளிப்பதும் ஒரே வினையாக நிற்கும் மொழியில் வளர்ந்த நமக்கு, குமிழியிலிருந்து கொப்புளத்துக்குச் செல்லும் இந்தப் பாதையை விளக்கவே வேண்டியதில்லை. போப்பாண்டவரின் ஆணைக்கு ஆங்கிலத்தில் ‘புல்’ (bull) என்று பெயர் வந்ததும், அதில் தொங்கிய வட்ட முத்திரையைக் குறித்த இதே சொல்லால்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கிய இந்த அகராதியில் நான் மிகவும் மதிப்பது அதன் நேர்மையை. எழுத்துச் சான்று இல்லாமல் ஒப்பீட்டால் மீட்டெடுத்த மூல வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். ஐயமுள்ள இடத்தில் ‘இருக்கலாம்’ என்ற சொல் தவறாமல் வரும். அந்தக் குறியின் பொருளைச் சொல்லிக்கொடுத்த பிறகே மாணவரிடம் இதைக் கொடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒலிப்பு இல்லை, இன்றைய வழக்குக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது, ஆகவே பொருளறிய வேறோர் அகராதி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். உயர்நிலை மூன்றுக்கு மேல் தயங்காமல் கொடுக்கலாம்.

தமிழுக்கு இப்படி ஒன்று இல்லாமலில்லை. மொழியியல் அறிஞர்களான பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்டு, 1984இல் விரிவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆயினும் அதன் தமிழ்ச் சொற்கள் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தில் உள்ளன. விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘கொப்புளம்’ என்று தமிழில் தட்டச்சு செய்து அதன் உறவுச் சொற்களைத் தமிழிலேயே படிக்கும் வசதியை யாரேனும் செய்து தந்தால், என் வகுப்பில் முதல் நாளே அதைத் திறந்து வைப்பேன்.