16:8-ஆ, கலோரி கணக்கா? எது வேலைக்கு ஆகும்

எடை கொறைக்க 16:8னு ஒரு ஃபாஸ்டிங் முறை, தினம் 16 மணிநேரம் வெறும் வயிறு, மிச்ச 8 மணிநேரத்துக்குள்ள தான் சாப்பாடு. அந்த 16 மணிநேரத்துல பால் சக்கரை போட்ட டீ குடிச்சா ஃபாஸ்டிங் முறிஞ்சுது, சக்கரை இல்லாத கட்டன் டீ, கடுங்காப்பின்னா பரவால்ல. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா நம்ம ஆளுங்க 16:8ல கோட்டை விடுறதே காலைல பதினோரு மணி டீக்கடைல தான், ஒரு டீ ரெண்டு பிஸ்கட், அப்புறம் எடையே எறங்கலன்னு பொலம்பல்.

நான் ரெண்டையும் இருந்து பாத்தாச்சு. மொத நாலு மாசம் 16:8, அதாவது மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் தான் சாப்பாடு, அடுத்த நாலு மாசம் நேரம் எதுவும் பாக்காம கலோரி மட்டும் எண்ணினேன். 16:8ல பெரிய சொகம் என்னன்னா மண்டைய ஒடைக்க வேணாம், மணி எட்டா, கைய கழுவு, அவ்ளோதான். கலோரி கணக்கு நம்ம வீட்ல ரொம்ப படுத்தும், ஆப்ல “சாம்பார் ஒரு கப்”னு போட்டிருக்கும், ஆனா அம்மா தாளிக்க எத்தன கரண்டி எண்ணெய் ஊத்துனாங்கன்னு ஆப்புக்கு எப்படி தெரியும், ஒரு டீஸ்பூனே 40 கலோரி பக்கம் வருது.

சரி, எடை எதுல கொறையுது? 2020ல கலிபோர்னியால 116 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி, கணக்கு ஒண்ணும் கிடையாது, மதியம் 12 டு 8 சாப்பிடு போதும்னு விட்டாங்க, 12 வாரத்துல கொறஞ்சது 0.94 கிலோ, மூணு வேளை சாப்பிட்டவங்களுக்கு 0.68. ஒரு கிலோ கூட இல்ல! 2022ல சீனால குவாங்சோல 139 பேருக்கு ஒரு வருஷம், ரெண்டு குரூப்புக்கும் ஒரே கலோரி அளவு, ஒரு குரூப் மட்டும் காலை 8 டு மாலை 4க்குள்ள முடிச்சிடணும், அவங்களுக்கு 8 கிலோ, கணக்கு மட்டும் பாத்தவங்களுக்கு 6.3, இந்த வித்தியாசம் புள்ளியியல் படி தேறல, அதாவது தற்செயலா கூட வந்திருக்கலாம். ஆனா 2023ல சிகாகோல கணக்கே பாக்காம 8 மணிநேரத்துக்குள்ள சாப்பிட்டவங்க தன்னாலயே தினம் 400 கலோரி போல கொறச்சு, எண்ணி சாப்பிட்டவங்களுக்கு ஈடா எடை எறக்கிட்டாங்க. ஆக கடிகாரத்துல மந்திரம் ஒண்ணும் இல்ல, அந்த நேரக்கட்டு உங்க நொறுக்குத்தீனிய வெட்டுச்சுன்னா எறங்கும், மதியம் பிரியாணி சாயங்காலம் பஜ்ஜின்னு ஈடு கட்டுனா எறங்காது.

ஜிம் போறவங்க இன்னொண்ணு பாக்கணும். அந்த கலிபோர்னியா ஆராய்ச்சிலயே கொறஞ்ச எடைல பாதிக்கு மேல கொழுப்பு இல்லாத எடை, தசையும் அதுல தான் வருது. எனக்கும் 16:8ல ஸ்குவாட் வெயிட் எறங்கிடுச்சு, காரணம் பட்டினி இல்லங்க, புரோட்டீன். 70 கிலோ ஆளு வெயிட் தூக்குறான்னா தினம் 110 கிராம் கிட்ட வேணும், ஒரு முட்டைல 6 கிராம் தான், ரெண்டே வேளை சோறு சாம்பார் பொரியல்ல அது எங்க வரும்? மூணு வேளையா பிரிச்சு சாப்பிட்டப்ப சுலபமா வந்துச்சு.

காலைல சாப்பிட்டு சீக்கிரம் முடிக்குறது ரத்த சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்ற ஒரு 2018 ஆராய்ச்சி இருக்கு, மதியம் 3 மணிக்குள்ள கடைசி சாப்பாடு, எடை கொறையாமலே இன்சுலின் நல்லா வேலை செஞ்சுதாம், ஆனா பாத்ததே 8 பேர தான். பொழுது சாஞ்சா சாப்பிடாத சமணர்கள் இதுக்குப் பக்கத்துல வருவாங்க, ஆஃபீஸ் முடிச்சு ஒம்போது மணிக்கு வீடு வர்றவனுக்கு செட் ஆகாது.

5:2ன்னு ஒண்ணு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 500, 600 கலோரி. ஏகாதசி, சஷ்டின்னு விரதம் இருந்து பழகுனவங்களுக்கு ஓகே, எனக்கு அந்த ரெண்டு நாளும் யாரப் பாத்தாலும் எரிச்சல் தான் வந்துச்சு.

இன்சுலின் போடுறவங்க, சுகர் மாத்திரை எடுக்குறவங்க டாக்டர கேக்காம எதையும் ஆரம்பிக்காதீங்க, வெறும் வயித்துல சர்க்கரை சட்டுனு எறங்கிடும். கர்ப்பமா இருக்குறவங்களுக்கு இது வேணவே வேணாம்.

என் ஓட்டு: நொறுக்குத்தீனி ராத்திரில தான் கை மீறுதுன்னா நேரக்கட்டு, சாப்பாட்டு தட்டுலயே அளவு மீறுதுன்னா கணக்கு. எனக்கு ராத்திரி மிக்சர் டப்பா தான் எமன், அதனால எட்டு மணிக்கு கடைய சாத்திடுறேன், ஆனா காலைல ஒம்போது மணிக்கு மூணு முட்டையும் ரெண்டு இட்லியும் கண்டிப்பா உண்டு, இதுக்கு 13:11னு பேர் வச்சுக்கோங்க.