ஆதியாகமம் முதல் அதிகாரம்: ராஷியா, ராம்பானா?

படைப்புக் கதையை ஓர் இடைக்கால யூத உரையாசிரியரோடு நிதானமாகப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒருவர் பிரான்சின் த்ருவா நகரத்து ராஷி (1040–1105). இன்னொருவர் கட்டலோனியாவின் ஜிரோனாவைச் சேர்ந்த ராம்பான், அதாவது நஹ்மானிடிஸ் (1194–1270). மைமோனிடிஸின் சுருக்கப் பெயரான ராம்பாமோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ராஷி, ராம்பான் இருவரையும் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நான் தங்கிவிட்டது ராம்பானிடம்.

ராஷி சுருக்கமானவர், தெளிவானவர். முதல் வசனத்தில் அவர் கேட்பதைப் பாருங்கள். வானமும் பூமியும்தான் முதலில் வந்தன என்றால், அடுத்த வசனத்தில் தேவ ஆவி அசைவாடும் தண்ணீர் எப்போது படைக்கப்பட்டது? அதைப் பற்றிப் பேச்சே இல்லையே! ஆகவே இந்த வசனம் வரிசை சொல்ல வரவில்லை, ‘கடவுள் படைக்கத் தொடங்கியபோது’ என்று பின்வருவதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறார். ராம்பானோ, கடவுள் இல்லாமையிலிருந்து மிக நுண்ணிய மூலப்பொருளை உண்டாக்கினார், கிரேக்கர்கள் ‘ஹைலே’ என்பது அதைத்தான் என்று விளக்குகிறார். இந்த இடத்தில் என் ஓட்டு ராஷிக்குத்தான்.

அப்புறம் ஏன் ராம்பான்? அவர் பல இடங்களில் ராஷியின் விளக்கத்தை முதலில் எடுத்து வைக்கிறார். இன்னொரு இடைக்கால யூத உரையாசிரியரான இப்ன் எஸ்ராவையும் கூப்பிடுகிறார். பிறகுதான் தான் எங்கே, ஏன் மாறுபடுகிறேன் என்று சொல்கிறார். இதுதான் எனக்கு முடிவான காரணம். தோரா, அதாவது ஆதியாகமத்தில் தொடங்கும் மோசேயின் ஐந்து நூல்கள், ஏன் முதல் கட்டளையில் தொடங்காமல் படைப்பில் தொடங்குகிறது என்ற பழைய கேள்வியை ராஷி எடுத்துக்கொள்கிறார். ‘கானான் நாட்டைப் பறித்தீர்கள்’ என்று பிற இனத்தார் இஸ்ரவேலரிடம் சொன்னால், படைத்தவரே அதைத் தந்தார் என்று பதில் சொல்வதற்காக என்பது அவர் தரும் விடை. விசுவாசத்தின் வேரே படைப்புதானே, இதில் கேள்வி எப்படி வரும் என்று ராம்பான் மடக்குகிறார். ஆனால் கேள்வியை அப்படியே தள்ளிவிடவில்லை. ஆதாம் ஏதேனை இழந்தது, வெள்ளத்தில் ஒரு தலைமுறை அழிந்தது, பாபேலில் மக்கள் சிதறியது என எல்லாவற்றையும் கோத்து, பாவம் செய்தவர் இடத்தை இழப்பார், இஸ்ரவேலும் விலக்கல்ல என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். ராஷியின் விடை இங்கே எவ்வளவு வளர்ந்துவிட்டது!

26ஆம் வசனத்திலும் இதைப் பார்க்கலாம். ‘மனுஷனை உண்டாக்குவோமாக’ என்று கடவுள் யாரிடம் சொல்கிறார்? தேவதூதர்களிடம், பெரியவரும் சிறியவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்ற பணிவைக் கற்றுத்தருவதற்காக என்பது ராஷியின் பதில். அழகான பாடம்தான். ஆனால் இந்த அதிகாரத்தில் தேவதூதர்களே வரவில்லை. ராம்பான் 24ஆம் வசனத்துக்குத் திரும்பிப் போகிறார். அங்கே மிருகங்களைப் பிறப்பிக்கும்படி பூமிக்குக் கட்டளை வருகிறது. ‘நாம்’ என்பது கடவுளும் அந்தப் பூமியும்தான், உடல் மண்ணிலிருந்து, ஆவி மேலேயிருந்து என்கிறார். மனிதன் விலங்கோடும் கடவுளோடும் உறவுள்ளவனாக இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராம்பான் அங்கங்கே ‘உண்மையின் வழி’ என்று கபாலா, அதாவது யூத மறைஞான மரபுக் குறிப்புகளைத் தருகிறார். குருவிடம் கேட்காமல் அவற்றைச் சொந்த யோசனையால் பிடிக்க முயலாதீர்கள் என்று முன்னுரையிலேயே எச்சரித்தும் இருக்கிறார். நான் அந்தப் பகுதிகளைத் தாண்டித்தான் படிக்கிறேன். ஆகவே என் பரிந்துரை அவருடைய மற்ற விளக்கங்களுக்கு மட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு வசனங்களை ராஷியோடு படித்துவிட்டு, நேராக 26க்குப் போய் ராம்பானைத் திறக்கலாம்.