உள்ளே விடாத படிவம்: ஓ.டி.பி., கடவுச்சொல், கூகுள் மூன்றில் எது?

செட்டிநாட்டில் ஒரு படைப்பு வீட்டுப் பங்காளிகள், அதாவது பொது முன்னோருக்குச் சேர்ந்து படைக்கும் உறவுக் குடும்பத்தார், ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒருவர் கானாடுகாத்தானில் இருப்பார், ஒருவர் சென்னையில், மற்றொருவர் சிங்கப்பூரில். புள்ளி வரி (திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிப் போடும் வரி) கட்டவும் வரவு செலவு பார்க்கவும் இணையப் படிவம் வைத்தால் முதலில் வரும் புகார், "உள்ளே போக முடியவில்லை" என்பதுதான். எந்தப் பூட்டைப் போடலாம் என்று கேட்பவர்கள் பாதுகாப்பை மட்டும் பார்க்கிறார்கள். கோளாறு வந்தால் அது எங்கே என்று காரைக்குடியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா என்பதையும் நான் பார்ப்பேன்.

ஓ.டி.பி.தான் எல்லோருக்கும் பிடித்தது. ஆச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எஸ்.எம்.எஸ். நம் கையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன ஆனது என்று நமக்கு உறுதியாகத் தெரியாது. இந்தியாவில் அதன் வாசகத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த வாசகத்தோடு அனுப்பியது ஒத்துப்போகாவிட்டால் தொலைத்தொடர்பு நிறுவனம் தடுத்துவிடும். நம் சர்வர் பதிவிலோ "அனுப்பப்பட்டது" என்றே இருக்கும். சிங்கப்பூர்க்காரரின் இந்திய சிம் எப்போதோ செயலிழந்திருக்கும். ஆச்சியின் புள்ளிக்கும் மகனின் புள்ளிக்கும் ஒரே போன் எண்ணைக் கொடுத்திருந்தால் எந்தக் கணக்கைத் திறப்பது? பொறுமையில்லாமல் "மீண்டும் அனுப்பு" என்பதைத் தட்டிக்கொண்டே இருந்து, புதியது வந்ததால் செல்லாமல் போன முதல் ஓ.டி.பி. எண்ணை இடுகிறவர்களும் உண்டு. மறுபடி அனுப்பும்போது காலாவதியாகாத அதே எண்ணையே அனுப்பினால் இந்த ஒரு தொல்லையாவது தீரும்.

கடவுச்சொல்லைத் திட்டாதவர் இல்லை. ஆனாலும் அதன் கோளாறுகள் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. போனில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "ஆச்சி, தவறு என்று எழுத்தில் வருகிறதா, இல்லை பேசாமல் அதே பக்கம் திரும்ப வருகிறதா?"

எழுத்தில் வந்தால் தட்டச்சுதான் காரணமாக இருக்கும். போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கும், அல்லது மின்னஞ்சல் முகவரியின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். முகவரியின் இரு முனை இடைவெளிகளைச் சர்வரிலேயே வெட்டிவிடுங்கள். கடவுச்சொல்லைக் காட்டும் கண் பொத்தானும் வையுங்கள். பேசாமல் அதே பக்கம் வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் சரிதான், குக்கீதான் (நுழைந்தவரை அடையாளம் காணப் பிரவுசர் வைத்திருக்கும் சிறு குறிப்பு) நிற்கவில்லை. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரியில் நுழைந்தவரை அது இல்லாத முகவரிக்குத் திருப்பிவிட்டால், குக்கீயை இரண்டுக்கும் பொதுவாக அமைக்காதவரை அது பின்னால் வராது. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பக்கத்தில், நுழைந்த பிறகு போகும் அடுத்த கோரிக்கையில் குக்கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே 2017 முதல் அது வேண்டாம் என்கிறது.

கூகுள் வழி நுழைவு பார்க்க அழகு. ஆனால் ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே இணைப்பு திறந்தால் கூகுள் மறுத்துவிடும். குரோமில் திறக்கச் சொல்ல வேண்டும். அதைவிட மோசமானது, இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவரின் கதை. பதியாத முகவரியில் நுழைகிறார், புதிய வெற்றுக் கணக்கு உருவாகிறது, "நான் கட்டிய வரியைக் காணோம்" என்று சண்டைக்கு வருகிறார். நுழைவுக் கோளாறு என்றே அது நமக்குத் தோன்றாது. தானாகக் கணக்குத் திறப்பதை நிறுத்திவிட்டு, "இந்த முகவரி பதிவில் இல்லை" என்று அந்த முகவரியோடு காட்டுவதே சரி.

பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில், போனைத் திறக்கும் கைரேகை, முகம் அல்லது பின் எண்ணாலேயே நுழைவது) நல்ல பூட்டு. போனை மாற்றிய பெரியவருக்கு அதை விளக்கும் பொறுமை இருந்தால் வையுங்கள்; எனக்கு இல்லை.

பங்காளிகளுக்கான படிவம் என்றால் கடவுச்சொல்லை அடிப்படையாக வைத்து, மறந்தவருக்கு அதை மாற்றிக்கொள்ளும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவேன். பக்கத்தில் கூகுள் பொத்தான் இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. வேண்டவே வேண்டாம். நுழைவுப் பக்கத்தின் அடியில், கணக்குப் பார்ப்பவரின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.