பக்கத்து வீட்டுச் சங்கிலி நாய்: எதை வாங்கலாம், யாரைக் கூப்பிடலாம்

அண்ணா நகரோ ஆதம்பாக்கமோ, காட்சி ஒன்றுதான். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தடிச் சந்து. அதில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, மோட்டார், ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட், ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு நாய். சங்கிலி 4 அடி என்றால், சுவரோரம் கட்டிய நாய்க்குக் கிடைப்பது ஓர் அரைவட்டம். சாப்பாடு, தூக்கம், மலம், மூத்திரம் எல்லாம் அதற்குள்தான். மதியம் ஏ.சி. ஓடினால் அனல் காற்று நேரே அதன் முகத்தில் அடிக்கும்.

இதைப் பார்த்துவிட்டு எதாவது செய்ய நினைப்பவர்களுக்குச் சென்னையில் கிடைக்கும் பொருட்களையும் சேவைகளையும் இங்கே எடைபோடுகிறோம். அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரு வாரத்துக்குள் அந்த நாயின் பொழுது மாறுகிறதா? பக்கத்து வீட்டுக்காரர் திருந்துகிறாரா என்பது வேறு கேள்வி.

இரும்புச் சங்கிலி (5-க்கு 1)

கடையில் கனமானதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். "லேப்ரடார் சார், இழுக்கும், இதுதான் தாங்கும்" என்பார்கள். உண்மையில் அறுந்துபோவது சங்கிலி இல்லை, நுனியில் இருக்கும் கொக்கி. அதன் ஸ்பிரிங் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இன்னும் சீக்கிரம். அடுத்தது முறுக்கு. நாய் ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற, சுழல் கொக்கி இல்லாத சங்கிலி முறுக்கேறி, 4 அடி 3 அடியாகும். வீட்டுக்காரர் கவனிக்கவே மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அதே சங்கிலிதான். சுழல் கொக்கியை இரண்டு நுனியிலும் போட்டால் இந்தக் கோளாறு தீரும், சங்கிலி தீராது.

கழுத்துப்பட்டையைப் பார்க்கத் தவறாதீர்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டியாக இருக்கும்போது மாட்டியதை வளர வளரத் தளர்த்தாமல் விட்டால் பட்டை தோலுக்குள் புதையும். மேலே முடி மூடியிருக்கும். முதலில் தெரிவது நாற்றமும் ஈயும்தான். புழு வைத்தபின் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. பழக்குவதற்காக விற்கும் சுருக்குச் சங்கிலியில் நாயைக் கட்டிப்போடவே கூடாது.

தலைக்கு மேல் ஓடுகம்பி (5-க்கு 3, இடம் இருந்தால் மட்டும்)

இரண்டு முனைக்கு நடுவே கம்பி வடம் கட்டி, அதில் உருளும் கப்பியில் நாயின் லீஷை மாட்டுவது. இதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், கணக்குப் போடாமல். தேவையான சாமான் எல்லாம் பாரிமுனை, பிராட்வே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்: 4 எம்.எம். வயர் ரோப் (கம்பி வடம்), 2 ஐ போல்ட் (வளையத் தலை போல்ட்), 2 திம்பிள் (வடத்தின் மடிப்புக்குள் வைக்கும் உலோக வளையம்), 1 டர்ன் பக்கிள் (வடத்தை இறுக்கும் திருகு), 8 யு கிளாம்ப், 1 கப்பி.

ஐ போல்ட்டை ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) தூணில்தான் இறக்க வேண்டும். செங்கல் மதிலின் பூச்சில் இறக்கினால் ஒரு மழைக்காலத்தில் ஆடத் தொடங்கிவிடும். ரோப்பின் நுனியைத் திம்பிளைச் சுற்றி மடித்து, ஒவ்வொரு முனைக்கும் 3 கிளாம்ப், ஓர் அங்குல இடைவெளியில். கிளாம்ப்பின் வளைந்த யு பாகம் மடித்த சிறு துண்டின் மேலும், தட்டையான அடிப்பாகம் பாரம் தாங்கும் நீளக் கம்பியின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் யு பாகம் பாரம் தாங்கும் கம்பியையே நசுக்கும், பிடிப்பும் குறையும். மிச்சம் 2 கிளாம்ப், கப்பி முனைவரை ஓடாமல் நிறுத்தும் தடைகள். கப்பி வாங்கும்போது சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே சந்து எவ்வளவு என்று பாருங்கள். கம்பி அந்தச் சந்தில் இறங்கி மாட்டிக்கொண்டால், நாய் நின்ற இடத்திலேயே சிறைப்படும்.

இப்போது கணக்கு. கம்பி தரையிலிருந்து 6½ அடி உயரம், லீஷ் 6 அடி. அப்போதுதான் நாய் கம்பிக்குக் கீழே வசதியாகப் படுக்க முடியும். நிற்கும்போது அது பக்கவாட்டில் ஏறக்குறைய 4 அடி போகும். ஆனால் மதிலைப் பார்த்து எகிறும்போது முதுகு மேலே வருவதால் அதே லீஷ் 5½ அடி எட்டும். அதோடு முன்னுடம்பின் நீளம், இழுவையில் கம்பி வளைவது எல்லாம் சேர்த்தால் மதில் 8 அடி தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு மதிலைத் தாண்டும், அந்தப் பக்கம் தொங்கும். இந்த 8 அடி கம்பியின் இரு பக்கமும் வேண்டும் என்றால் குறைந்தது 16 அடி அகல முற்றம் தேவை. தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் தனி வீடுகளில் கிடைக்கலாம். ஐந்தடிச் சந்தில் கட்டவே கூடாது. மொட்டை மாடியிலும் கூடாது, கைப்பிடிச் சுவர் மூன்றடிதான்.

ஓடுகம்பிக்குக் கழுத்துப்பட்டை ஆகாது, உடம்புப் பட்டைதான். வேகமாக ஓடிவந்து தடையில் மோதும் நாய்க்கு அந்த அடி கழுத்தில் விழக் கூடாது. அக்குளில் உரசிப் புண் ஆகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அக்கறை இல்லாத வீட்டில் அந்தத் தினசரிப் பார்வைதான் நடக்காது. மதிப்பெண் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சந்துக்கு ஒரு கதவு (5-க்கு 4½)

விளம்பரமே இல்லாத பொருள் இது; பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். சந்தின் பின்பக்கம் பெரும்பாலும் சுவர். முன்பக்கம் ஒரு கதவு போட்டுவிட்டால் சங்கிலியே தேவையில்லை. 30 அடி நீளச் சந்து என்றால் 150 சதுர அடி கிடைக்கும். 4 அடிச் சங்கிலியின் அரைவட்டம் 25 சதுர அடிதான்.

வெல்டிங் பட்டறையில் சொல்ல வேண்டியது: ஓர் அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், நடுவில் வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), லேப்ரடார் அளவு நாய்க்கு 5 அடி உயரம், ராஜபாளையம், சிப்பிப்பாறை இன நாய்களுக்கு 6 அடி. குறுக்குக் கம்பி வைக்க விடாதீர்கள், நாய்க்கு அது ஏணி. தரைக்கும் கதவுக்கும் 2 அங்குலம் விட்டால் மழைத்தண்ணீர் போகும், தலை நுழையாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிக்காமல் நேரே பெயிண்ட் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள்.

நாயை அவிழ்த்துவிடும் முன் சந்தை ஒரு நடை பார்க்க வேண்டும். சம்ப் மூடி துருப்பிடித்த தகரமாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மோட்டார் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள், கடிக்கும். எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர் சொல்லும் தடை எப்போதும் ஒன்றுதான்: "கேஸ் போடறவர் வருவார், ஈ.பி. ரீடிங் எடுக்க வருவாங்க." இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரீடிங்குக்காக வருஷம் முழுக்க ஒரு நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அவருக்கே தோன்றியிருக்காது. ஆள் வரும் பத்து நிமிஷம் கட்டினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். பொதுமதில் என்றால் செலவில் பாதியை ஏற்பதாகச் சொன்னால் பேச்சு இன்னும் சுலபம்.

தண்ணீரும் நிழலும்

கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. 25 கிலோ நாய்க்கு நாளைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். கத்திரி வெயிலில் இன்னும் கூடும். அலுமினியக் குண்டான் சங்கிலி தட்டிக் கவிழும். 4, 5 லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி கவிழாது, சூடும் சீக்கிரம் ஏறாது. ஆனால் தினமும் தேய்த்துக் கொட்டி மாற்ற வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசுப்புழு வரும். வீடு வீடாகப் பார்க்க வரும் மாநகராட்சி ஊழியர் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வார், வீட்டுக்காரருக்கு அதுவே சாக்காகிவிடும்.

நிழலுக்குத் தகரக் கூரை அடுப்பு. தென்னங்கீற்றை மிஞ்ச எதுவும் இல்லை. படுக்கக் கோணிப்பை போடாதீர்கள், மடிப்பில் உண்ணி குடியேறும். நான்கைந்து அங்குலம் உயர்ந்த மரப்பலகை போதும், மழைக்காலத்திலும் தரை ஈரம் ஏறாது.

பேச்சு (செலவில்லை, சரியாகச் செய்தால் 5-க்கு 4)

குரைக்கிறது என்று புகார் சொல்லித் தொடங்குவதுதான் பெரிய தவறு. அடுத்த நாளே நாய் மொட்டை மாடிக்குப் போகும். உங்களுக்குச் சத்தம் குறையும், அதற்கு வெயில் கூடும். "சார், எங்க ஏ.சி. காத்து உங்க டைகர் மேலதான் அடிக்குது, யூனிட்ட கொஞ்சம் திருப்பி வைக்கலாம்னு பார்க்கறோம்" என்று உங்கள் பக்கத்துக் குறையிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டம்மாவிடம் என்றால், "அக்கா, நீங்க ஊருக்குப் போற அன்னிக்குத் தண்ணி நாங்க வைக்கட்டுமா?" இந்த ஒரு கேள்வியில் சந்துக்குள் போக அனுமதி கிடைத்துவிடும். மதிலுக்கு மேலிருந்து கோழி எலும்பு வீசாதீர்கள். தொண்டையில் சிக்கினால், விஷம் வைத்ததாகப் பழி உங்கள் மேல் வரும். ராத்திரியில் அவிழ்த்துவிடுவதும் தூக்கிக்கொண்டு வருவதும் சட்டப்படி திருட்டு வழக்கில் முடியலாம்.

போலீஸும் சட்டமும் (5-க்கு 2)

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. இதற்கு நாடாளுமன்றத்தில் விதை போட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். பிறகு 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். பிரிவு 11(1)-ல் மூன்று உட்பிரிவுகள் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும். நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாதது. போதிய உணவும் நீரும் ஒதுங்க இடமும் தராதது. இத்தனை அடி என்று சட்டம் அளவு சொல்லவில்லை. அதனால்தான் நாய் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, மதியம் 1 மணிக்கு நிழல் இருக்கிறதா, மலத்தை விட்டு விலகிப் படுக்க முடிகிறதா என்ற மூன்றும் பதிவாக வேண்டும்.

பலவீனம் எங்கே? முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். போதாததற்கு இந்த உட்பிரிவுகளில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாது. ஸ்டேஷனில் "எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்றால் அது எப்போதும் தட்டிக்கழிப்பு இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு காவலர் வந்து விசாரித்தாலே பலர் சங்கிலியை நீட்டிவிடுவார்கள். காயப்படுத்தி உறுப்பைச் செயலிழக்கச் செய்தாலோ கொன்றாலோ கதை வேறு: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325, ஐந்து ஆண்டு வரை சிறை.

இன்னொன்று: மிருகவதைச் சட்டத்தில் குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். போன வருஷத்து வீடியோ உதவாது. உங்கள் வீட்டு மாடியிலிருந்தே ஒரு வாரம், காலை 7, மதியம் 1, இரவு 9 என்று நேரத்தோடு எடுங்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷயம் அங்கே திசைமாறும்.

மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும்

மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அழைக்கும்போது "நாய்த் தொல்லை" என்றால் அது தெருநாய்க் கணக்கில் போய்விடும். "வளர்ப்பு நாய், உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சென்னையில் உரிமக் கட்டணம் 2025 நிலவரப்படி ஆண்டுக்கு 50 ரூபாய்தான். மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் மாநகராட்சி முடிவெடுத்தது. பட்டினி போட்டுக் கட்டிவைத்தால் 50, உரிமம் வாங்காவிட்டால் 5,000. விசித்திரம்தான், ஆனால் நமக்கு உதவும் விசித்திரம்: உரிமம் எடுக்க ஊசி போட்டாக வேண்டும், அந்தச் சாக்கில் ஒரு கால்நடை மருத்துவர் நாயைத் தொட்டுப் பார்த்துவிடுவார். கழுத்துப் புண்ணும் உண்ணியும் அங்கே வெளிச்சத்துக்கு வரும். இதற்கு 5-க்கு 3½.

வேளச்சேரி ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் மதிலேறி நாயை மீட்டுவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் அவர்களுக்கும் சட்டத்தில் வழி குறுகல். உண்மையிலேயே நாய் வேண்டாம் என்கிற வீடு என்றால் அந்தக் கடிதத்தை எழுத வைப்பதுதான் முக்கியமான வேலை. வியாதி முற்றிய நாய்க்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டிப்போக ஆட்டோவும் ஆளும் நீங்கள் ஏற்பாடு செய்தால் பாதி வீடுகள் சரி என்பார்கள்.

அக்டோபருக்கு முன் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்று இந்த ஊருக்குத் தெரியும். கட்டியிருக்கும் நாயால் நீந்தக்கூட முடியாது. ஒரு கையால் திறக்கக்கூடிய காரபைனரை (ஸ்பிரிங் வாயுள்ள உலோக வளையம்) கொக்கிக்குப் பதில் மாட்டுங்கள். சந்துக் கதவில் பூட்டு இருந்தால், வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் மாற்றுச் சாவி எந்த வீட்டில் இருக்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.